கேண்டீனுக்குப் போற பாலு

அங்க வேண்டாமுங்க, அந்தக் கட்டலுக்கு ஒரு காலு ஆடுமுங்க. இந்தச் சேர்ல ஒக்காருங்க. ஆமாங்க, அப்பிடித்தான். காலை நல்லா நீட்டிக்கோங்க. சாணி வாசம் அடிக்குதுங்களான்னு கேக்கலாம்னு பாத்தேன். ஊட்ல அறுவது மாடு வெச்சிருக்கறவருகிட்டப் போயி இதைக் கேக்கறதா?

நான் பேசறது உங்களுக்குப் புரியாதுன்னு தெரியுமுங்க. நீங்க பேசுனா எனக்கும் அதே கதிதான். அதுக்காவ ரெண்டு கெளவனுங்க மாட்டுக் கட்டுத்தறியில ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து முளிச்சிட்டே ஒக்காந்திருக்க முடியுமுங்களா? என்ற பையன் தனபாலு வர்ற வரைக்கும் நான் பாட்டுக்குப் பேசறனுங்க, நீங்க பாட்டுக்குத் தலைய ஆட்டுங்க. காருல ஒரு டயரு பஞ்சரு. மாத்தலாம்னு ஸ்டெப்னிய எடுத்தா அதுலயும் காத்தில்ல. ரெண்டையும் பக்கத்துத் தோட்டத்து வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டு கருமத்தம்பட்டிக்குப் போயிருக்கறான். வர சித்த நேரம் ஆகுமுங்க. உங்க மக, அந்த அம்மணி, உள்ள எங்கூட்டுக்காரி மயிலாத்தாகிட்டத் தலைக்குப் பூ வெச்சுக்கிட்டு இருக்குது. எம் மருமக இங்கிலீசுல பேசிக்கும். அவியளுக்கு இப்ப நம்ம ரெண்டு பேரும் வேண்டியதில்லீங்க.

என்ற பேரு நஞ்சுண்டனுங்க. சோறு உங்கறப்ப தனபாலு சொல்லிக் குடுத்தான், நீங்க நாஞ்சி நாஞ்சின்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்துட்டு உட்டுப் போட்டீங்க. பரவால்லீங்க. உங்க பேரு எனக்கு வாயிலயே நொளையல. ஹாலந்துக்காரருன்னு மட்டும் மனசுல வெச்சுக்கிட்டேன்.

அது ஒண்ணுமில்லீங்க, பயந்துக்காதீங்க. சூலூர்ல இருந்து கெளம்பற ஏரோப்ளேனு. தலைக்கு மேலதான் போகும். எங்க மாடுங்க காதைக்கூட அசைக்காது பாருங்க, பளகிப் போச்சு.

நீங்க சோத்து எலையில ஒக்காந்துக்கிட்டுச் சொன்னதைத் தனபாலு தமிள்ல சொன்னான் பாருங்க, அதுல இருந்து எனக்கு வேற நெனப்பே ஓடலீங்க. உங்கூர்ல பாலுக்குக் கவுருமெண்டு ஒரு வெலை வெச்சுருக்குதாமா. வாங்க ஆளில்லீன்னா கவுருமெண்டே வாங்கிக்குமாமா. வாங்கி வெண்ணெயா அடிச்சுக் குளுகுளு குடோன்ல அடுக்கி வெச்சிருக்குமாமா, மலையாட்டம். மிச்சத்தைப் பவுடராக்கி மூட்டை கட்டி வெச்சிருக்குமாமா. அப்பறம் ஒருத்தருக்கு இவ்வளவுதான்னு அளவு; அதுக்கு மேல கறந்தா அபராதமாமா. அபராதங்கட்டாம இருக்க ஒரு வருசம் நீங்களே பாலை வெள்ளாமைக் காட்டுல கொண்டு போயி ஊத்துனீங்கன்னீங்களாமா. காட்டைச் சும்மா போட்டு வெச்சாக்கூட ஏக்கராவுக்கு இத்தனைன்னு காசு வருமாமா.

என்ற தெக்காலக் காடு எட்டு வருசமாச் சும்மாத்தான் கெடக்குதுங்க. ஒருத்தனும் வந்து ஏண்டான்னு கேக்கல. சிரிக்கறீங்க. புரிஞ்சு சிரிச்சீங்களோ, நான் சிரிச்சதப் பாத்துச் சிரிச்சீங்களோ.

இப்ப அதை நிறுத்திப் போடுவாங்கன்னு உங்களுக்கு வெசனம். பக்கத்து நாடுகளையெல்லாம் உள்ள சேக்கறாங்களாமா. பந்தியில எலை சேந்துபோச்சு, ஆக்குன சோறு அதே சோறுதான். அப்ப ஆருக்குக் கொறைப்பாங்க? கடைசி எலைக்காரனுக்குத்தான். ரெண்டு வருசமோ மூணு வருசமோ, அதுக்கப்பறம் இந்த அறுவது மாட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு நீங்க ஊட்ல பேச்சே இல்லாம இருக்கறீங்களாமா. தனியா உட்டுப் போட்டு வர மனசில்லாமத்தான் உங்க மக பனியன் ஆர்டர் குடுக்க வர்றப்பவே உங்களையும் ஏரோப்ளேன்ல ஏத்திக் கூட்டியாந்துச்சுன்னு சண்முகப்பிரியா, அதாங்க எம் மருமக, அடுப்படியில சொல்லிட்டிருந்துச்சு. நல்ல புள்ளைங்க. புள்ளைங்கன்னா இப்பிடித்தான் இருக்கோணும். எம் பையனும் அப்பிடித்தானுங்க.

உங்காளுங்க டிராக்டர் டிராக்டராக் கொண்டாந்து பெரிய ஊர்ல ரோட்டை மறிச்சாங்களாமா. நாங்களும் அது பண்ணியிருக்கறமுங்க. எனக்கு ஒரு நாப்பது வயசு இருக்கறப்ப, கரண்டுக் காசை ஏத்திப் போட்டாங்கன்னு கட்டவண்டியைப் பூட்டிக்கிட்டுக் கோயமுத்தூருக்கே போயி ரோட்டை அடைச்சுப் போட்டம். எங்க பாத்தாலும் வண்டி, மாடு, சாணி. இப்ப எங்களுக்குங் கரண்டு சும்மாத்தானுங்க வருது. மீட்டர் வெச்சுப் போடுவாங்கன்னு மாசத்துக்கொருக்கா ஒரு பேச்சு கெளம்பும், அன்னைக்கு ஊரே சோறு உங்காது. அதனால உங்க வெசனம் எனக்குத் தெரியாததில்லீங்க. ஆனா நீங்க மறியலுக்குப் போகலயாமா. ஏன்னு தனபாலு கேட்டதுக்கு, அது பால் கறக்கற நேரமுன்னீங்களாமா. எனக்குச் சிரிப்பு வந்துபோச்சு. பாலுக்கு வெலை கேக்கற மறியலுக்குப் பால் கறக்கோணுமுன்னு போகாத ஆளு நீங்க. அப்பத்தான் எனக்கு உங்களைப் புடிச்சுது.

நான் தனபால்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னனுங்க. அந்தப் பாலை ஆருங்க குடிக்கறதுன்னு கேளு தம்பின்னேன். அவன் என்ற மூஞ்சியப் பாத்தான். பாத்துப்போட்டு உங்ககிட்ட வேற என்னமோ கேட்டான். நீங்க கையை இப்பிடி அகலமாக் காட்டி, புல்லு, தீவனம், மூட்டைன்னு என்னமோ சொன்னீங்க. நான் கேட்டது உங்களுக்கு வந்தே சேரலீங்க.

என்னங்க எடுக்கறீங்க, போட்டோவா? குடுங்க பாப்பம். கண்ணாடிய உள்ள வெச்சுப் போட்டேன், இருங்க, தூரமா வெச்சுப் பாத்தாத் தெரியும். அட, மாடு! ஊட்டுக்காரம்மா போட்டோ இருக்கும்னு பாத்தா, மாட்டுப் போட்டோவை மடிச்சு வெச்சுக்கிட்டு உலகத்தைச் சுத்தறீங்க. கறுப்பும் வெள்ளையும், மடி எத்தாப் பெரிசு. என்ற மாடும் உங்கூரு சாதிதானுங்க. இந்த மூணும் இதுங்க ஆத்தாளுக்கு ஊசி போட்டுப் பொறந்ததுங்க. அந்த ஊசி மருந்து எங்கிருந்து வந்துச்சுன்னு ஆரு கண்டா, உங்கூட்டுக் காளையாக்கூட இருக்கும். அப்பிடிப் பாத்தா நாம சம்பந்திங்க.

இந்தச் சாதி வந்த காலத்துல பால் நெம்ப நல்லா இருந்துச்சுங்க. பால் சொசைட்டியில என்ற கேனைத் தொறந்தா வேற பேச்சே கெடையாது. செக்ரட்டரி ஐயாசாமி எனக்கு மருமவன் மொறை. நஞ்சுண்ட மாமன் பாலுக்கு டெஸ்டே வேண்டாமுன்னு சொல்லிப்போட்டு அளந்து ஊத்திக்குவான். தொண்ணூத்தாறுல ஒரு நாளு வெடியால, டெஸ்ட் பண்ணோணும்னு மேல இருந்து ஆளு வந்திருந்தாங்க. ஐயாசாமி கண்ணாடிக் கொளாயில கொஞ்சம் ஊத்தி நெருப்புல காட்டுனான். திரிஞ்சுபோச்சுங்க. கட்டி கட்டியா, மோராட்டம். இன்னொருக்கா ஊத்திக் காட்டுனான். அதுவும் திரிஞ்சுபோச்சு. ஐயாசாமி நல்ல பையன், மாமா பால் சரியில்லீங்கன்னு பொட்டாட்ட எங்காதுகிட்டத்தான் சொன்னான். ஆனா வரிசையில ஊரே கேனோட நிக்குதே. நான் கேனைத் தூக்கி வண்டியில மறுபடி கட்டறத அத்தனை பேரும் பாத்தாங்க. நான் சிறுசா இருந்தப்ப சொசைட்டின்னு ஒண்ணு வந்ததுல இருந்து எங்கூட்டுக் கேனு அது வரைக்கும் பாலோட திரும்பி வந்ததில்லீங்க.

கோயமுத்தூர்ல இருந்து மாட்டு டாக்டரைத் தனபாலு கூட்டியாந்தான். அவரு மடியத் தொட்டுப் பாத்தாரு, தொட்டித் தண்ணிய நக்கிப் பாத்தாரு. தண்ணி உப்புங்க, இதைக் குடிச்சா மாடு என்ன பண்ணும்ங்கறாரு. மேக்கால நாலு சாயப்பட்டறை வந்திருக்குதே, அதுலதான் கெணறு கெட்டுதுன்னு சில பேரு சொல்றாங்க. மளை இல்லாம ஆளத்துக்குப் போட்ட போருன்னு சில பேரு. சாயப்பட்டறையே இருக்கட்டும். அது பனியன் துணிக்கு. பனியன் எம் பையன் கம்பெனிக்கு. அது உங்க மக கடைக்கு. இந்தாங்க, நீங்க போட்டிருக்கறதும் இங்க தெச்சதுதான். நான் ஆரை வைய்யட்டும்? அதனால ஒருத்தரையும் வைய்யறதில்லீங்க. டாக்டரு மாத்திரை குடுத்தாரு, மடிக்கு ஊசி போட்டாரு. சித்த நாள்ல எல்லாஞ் சரியாப் போச்சுன்னு ஊட்ல சொன்னாங்க.

அப்பத்தான் தனபாலு சொன்னான், அப்பா, இனி சொசைட்டி வாசப்படியே மிதிக்க வேண்டாம், நம்ம கம்பெனி கேண்டீனுக்குப் பால் பத்தவே மாட்டீங்குது, ஒட்டுக்கா நானே எடுத்துக்கறேன்னு. வெலையும் சொசைட்டிய உடத் தூக்கி. கேண்டீன்ல டீ குடிக்கறவிய எல்லாரும் உங்க பாலைப் பத்தித்தான் பேசறாங்கன்னு வந்து சொல்லுவான். மயிலாத்தாளும் ஊட்டுக்கு ஒரு சொம்புகூட எடுக்க மாட்டா. அங்க வேல செய்யற புள்ளைங்க குடிக்கட்டும், நமக்குப் பக்கத்துத் தோட்டத்துல வாங்கிக்கறேன்னு சொல்லிப் போட்டா. நமக்கு நம்போணும்னு இருந்துட்டா எதையும் நம்பலாமுங்க. நான் வெடியால எந்திரிச்சேன், கறந்தேன், வண்டி வந்துச்சு, கேனு போச்சு. காலி கேனு சாயந்திரம் களுவிச் சுத்தமா வந்துச்சு. மனுசனுக்கு வேற என்னங்க வேணும்?

இன்னைக்கு நீங்க எதுக்கு இங்க வந்திருக்கறீங்கன்னு உங்களுக்கு ஆராச்சும் சொன்னாங்களோ இல்லியோ. உங்க மக பெரிய ஆர்டரா ஒண்ணு குடுக்கறதா இருக்குது. அது கையெளுத்தாச்சுன்னா, தனபாலு எனக்கு இன்னும் ரெண்டு மாடு புடிச்சுத் தாரானாம். வர்ற வியாளக்கெளம ஈரோட்டுச் சந்தைக்கு உங்களையும் கூட்டிக்கிட்டுப் போயி, நீங்க கையக் காட்டற மாட்டைப் புடிக்கறதா ஏற்பாடு. எனக்கு எளுவதாகுது, அதுக்கு அவன் செய்யற சீரு. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டான். நான் வேண்டாம் சாமின்னேன். அவன் கேண்டீனுக்கு இன்னும் பால் வேணுமப்பான்னு சொல்றான். சொல்லறப்ப அவன் மூஞ்சியில அத்தனை சந்தோசம். அதுக்கு மேல எப்பிடீங்க வேண்டாம்ங்கறது?

அதுக்குத்தானே மத்தியானம் உங்களை இங்க கூட்டியாந்து மாட்டைக் காமிச்சான். நீங்க அந்த நடு மாட்டுக்கிட்டக் குந்துனீங்க. காம்பைப் புடிச்சு ரெண்டு பீச்சு பீச்சி, உள்ளங்கையில ஏந்தி, வெரல்ல தேச்சு, நாக்குல வெச்சீங்க. நான் உங்க மூஞ்சியவேதான் பாத்துட்டிருந்தேன். அப்பறம் எந்திரிச்சுப் போயி தொட்டித் தண்ணியத் தொட்டு நாக்குல வெச்சீங்க. தனபாலு என்னமோ கேட்டான். எப்பிடி இருக்குதுன்னுதான் கேட்டிருப்பான். நீங்க அவனைப் பாத்தீங்க, என்னையப் பாத்தீங்க. பாத்துப்போட்டுக் கட்டவெரலத் தூக்கிக் காமிச்சுச் சிரிச்சீங்க. அவனும் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

நீங்க வந்து அரை நாளுதான் ஆகுது. அதுக்குள்ள நீங்களும் எங்கூட்டு ஆளாயிப் போயிட்டீங்க.

இல்லீங்க, கையெல்லாம் புடிக்க வேண்டாமுங்க. நான் ஒண்ணும் அளுகல. பாருங்க, கண்ணு காஞ்சுதான் இருக்குது.

போன சித்திரையில, மாரியாத்தா நோம்பி முடிஞ்ச மறு நாளு. கேனுக்கு மூடி மாத்திப் போட்டு அனுப்பிப் போட்டேன். லொட லொடன்னு ஆடற மூடி. போற வளியெல்லாம் சிந்துமேன்னு சரியான மூடிய எடுத்துக்கிட்டு டிவிஎஸ்ஸுல பின்னாடியே போனனுங்க. கம்பெனிக்கு முன்னால லோடு லாரி நின்னுச்சு. சரின்னு பின்னால சுத்திப் போனேன். பின்னால ஒரு சாக்கடை ஓடும். நம்ம கேனு அங்க இருந்துச்சுங்க. தனபாலு நின்னுட்டிருந்தான். பேண்டை முளங்காலு வரைக்கும் சுருட்டி உட்டிருந்தான், மேல தெறிக்காம இருக்க. கேனைச் சாச்சுப் புடிச்சு மெதுவா ஊத்திக்கிட்டிருந்தான். அவசரமே இல்ல. ஊத்தி முடிச்சுக் கொளாயைத் தொறந்து கேனைக் களுவுனான். உள்ள கையை உட்டுத் தேச்சுக் களுவுனான். அத்தனை பேருக்குச் சம்பளம் குடுக்கற மொதலாளி. ஒரு ஆளுகிட்டச் சொன்னா ஊத்திப் போட மாட்டாங்களா? வெளிய பேச்சு வந்து, அது என்ற காதுக்கு வந்துருமுன்னு அவனே ஊத்தறானுங்க. தெனமும்.

நான் வண்டியைக் கெளப்பல. சத்தங் கேக்குமுன்னு மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தேன். மூடி சீட்டு மேலயே இருந்துச்சு. ஊட்டுக்கு வந்து தண்ணி காய வெக்கற அடுப்பைக் கெளறிப் பாத்தேன். பாக்கெட்டுப் பால் கவரு, பாதி எரிஞ்சும் எரியாம, சாம்பலுக்குள்ள அத்தனை கெடந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துல வாங்குனா ஏன்னு கேள்வி வருமே. நீங்க ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சீங்களே பாயசம், அதும் பாக்கெட்டுப் பாலுதானுங்க. மயிலாத்தா காப்பி கொண்டாந்து குடுத்தா. குடிச்சேன். நல்லா இருக்குதான்னா. நல்லா இருக்குதுன்னேன்.

அன்னைக்குக் கோவம் வருமுன்னு பாத்தேன், வரல. அளுகை வருமுன்னு பாத்தேன், அதும் வரல. மறு நாளு வெடியால முளிப்பு வந்துச்சு, சொம்பை எடுத்துக்கிட்டு வந்து கறந்தேன். இன்னைக்கு வரைக்கும் கறக்கறேன். நான் நிறுத்துனா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். அப்பறம் அவன் என்ற மூஞ்சியில எப்பிடி முளிப்பான்? அவிய ரெண்டு பேரும் என்னையக் காப்பாத்தறதா நெனைச்சுட்டிருக்கறாங்க. நான் அவியளைக் காப்பாத்தறேன். இதை ஆருகிட்டப் போயிச் சொல்றது? கோயல்ல போயிச் சொல்லலாம்னா அங்க பூசாரி இருக்கறான். உங்களுக்கு நெசமா நிறுத்திப் போட்டாங்கன்னா, ஒருத்தருக்கும் வேண்டாத பாலை இத்தனை நாளு கறந்தவிய அதுக்கப்பறம் வெடியால எந்திரிச்சு என்ன பண்ணுவீங்கன்னு கேக்கோணும்னுதான் எனக்கு ஆசை. உங்களுக்கும் அது தெரியாது போல இருக்குது. தெரிஞ்சிருந்தா இத்தனை தூரம் வந்திருக்க மாட்டீங்க.

தா, வேன் சத்தம் கேக்குதுங்க. அவன்தான். நம்ம இட்டேரித் தடத்துக்குள்ள திரும்பிட்டான்.

ஏனுங்க, ஒரே ஒரு ஒதவி. சந்தையில அவன் உங்களைக் கறவ மாடு கட்டியிருக்கற பக்கந்தான் கூட்டிக்கிட்டுப் போவான். நீங்க அங்க நிக்காதீங்க. கெடாரி கட்டியிருக்கற பக்கம் போயி நின்னுக்கோங்க. இதா பாருங்க, இந்த மூலையில நிக்குதே, இந்த அளவு. இன்னும் காளைக்குச் சேராதது. தட்டிக் காமிக்கறேன் பாருங்க, இது மாதிரி ரெண்டு. இதுதான் நல்ல சாதி, இதைத்தான் புடிக்கோணும்னு உங்க பாசையில அவன்கிட்டச் சொல்லிப் போடுங்க. நீங்க சொன்னாக் கேட்டுக்குவான். அதுங்க வளந்து, சென புடிச்சு, கன்னுப் போட்டுப் பால் வர ரெண்டு வருசத்துக்குக் கொறையாதுங்க. அது வரைக்குமாவது அவன் ஒத்தக் கேனைத்தான் ஊத்தோணும்.